கண்ணாடி இரும்புக்குக் களச் சோதனை எப்போது?

தமிழகச் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் சின்னச் செய்தி ஒன்று உண்டு. அனல் மின் நிலையத்தில் கொதிகலன் குழாயில் பழுது. 210 மெகாவாட் உற்பத்தி நிறுத்தம். சீரமைப்புப் பணி தீவிரம். தூத்துக்குடியா மேட்டூரா என்பது மட்டும்தான் மாறும். அந்தப் பழுதுகளில் கணிசமானவை சாம்பல் செய்யும் வேலை. இந்திய நிலக்கரியில் எடைக்கணக்கில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். அந்தச் சாம்பலில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. புகையோடு விநாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் வேகத்தில் பறக்கும் அவை, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள எஃகுக் குழாய்களை இரவு பகலாக உரசிச் செல்கின்றன. புகை எங்கே நெருக்கடியான வழியில் பாய்கிறதோ, அங்கே தேய்மானம் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக் கணக்கில் எகிறும். ஒருநாள் குழாய்ச் சுவர் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் வாய் பிளக்கும். சீறி வரும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுத்துவிட்டுப் போகும். இந்த இடத்துக்கு உலோகக் கண்ணாடி என்ற பொருளை இந்தியா இன்னும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். கூடவே இன்னொன்று: அதைப் பற்றி இதுவரை வந்திருக்கும் பெருமைகளில் பாதியை அப்படியே நம்பக் கூடாது.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட அரிமானப் பொறியாளர் அமைப்பான நேஸ் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அரிமானத்தால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு சுமார் 2.5 லட்சம் கோடி டாலர். உலக உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம். மறுபுறம், உலகின் மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் 23 சதவீதம் உராய்வையும் தேய்மானத்தையும் சார்ந்தது என்று 2017-ல் ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற இரு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இரண்டும் பெரிய எண்கள்தான். ஆனால் எனக்கு அவற்றைவிடக் கவனிக்கத்தக்கதாகப் படுவது, இரண்டையும் தனித்தனிக் கூட்டத்தார் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள் என்பதுதான். கடல்நீரில் மணலோடு சுழலும் பம்பில் துரு ஒரு பக்கமும் தேய்மானம் ஒரு பக்கமும் நின்று வேலை செய்வதில்லை. துருப்பிடிக்காத எஃகு தன்மேல் படரும் சில நானோமீட்டர் குரோமிய ஆக்சைடு படலத்தால்தான் துருவிலிருந்து தப்புகிறது. மணல் அந்தப் படலத்தைச் சுரண்டும், உடனே உலோகம் தன்னையே கொஞ்சம் செலவழித்துப் புதுப் படலம் போடும், மறுபடி சுரண்டல். துருவால் மட்டும் போவதையும் தேய்மானத்தால் மட்டும் போவதையும் கூட்டினால் வருவதைவிட இரண்டும் சேர்ந்து தின்பது அதிகம். ஆகவே, கடினமாகவும் இருக்க வேண்டும், துருவையும் தாங்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே உலோகத்தில் சேர்வது அபூர்வம். கருவி எஃகு கடினமானது, ஆனால் துருப்பிடிக்கும். 304 ரக எஃகு துருவைத் தாங்கும், ஆனால் விக்கர்ஸ் அளவில் அதன் கடினத்தன்மை 200-ஐ ஒட்டியே நிற்கும்.

இங்கேதான் இரும்பை அடிப்படையாகக் கொண்ட உலோகக் கண்ணாடி வருகிறது. சாதாரண உலோகம் உறையும்போது அணுக்கள் வரிசை கட்டிப் படிகங்களாகின்றன. உருகிய கலவையை அவை வரிசை கட்ட நேரம் கொடுக்காமல் குளிர்வித்தால், திரவத்தில் இருந்த ஒழுங்கின்மையோடே கெட்டியாகிவிடும். 1960-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் பால் டூவே என்பவரின் குழு தங்கம்–சிலிக்கான் கலவையை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்வித்து இதை முதலில் காட்டியது. சில ஆண்டுகளில் இரும்பு, பாஸ்பரஸ், கார்பன் கலவையிலும் இது கைகூடியது. 1974-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹோகு பல்கலைக்கழகத்தின் நாகா, ஹஷிமோத்தோ, மசுமோத்தோ ஆகியோர் அந்தக் கலவையில் குரோமியம் சேர்த்துப் பார்த்தார்கள். அணு எண்ணிக்கையில் 8 சதவீத குரோமியத்தைத் தாண்டிய நாடாக்களை உப்புக் கரைசலில் ஒரு வாரம், அதாவது 168 மணி நேரம், ஊறவிட்டும் எடைக்குறைவு நுண்தராசில் பிடிபடவில்லை. அதைவிடக் கூடுதல் குரோமியம் உள்ள வழக்கமான துருப்பிடிக்காத எஃகு குளோரைடு பட்டால் ஊசிக்குழி விழுந்து ஓட்டையாகும். அந்த நாடாக்களில் குழியே விழவில்லை.

ஏன் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெருமைகளில் எது உண்மை எது மிகை என்பது இதில்தான் பிரிகிறது. படிகம் இல்லாததால் படிக எல்லைகளும் இல்லை. எஃகில் குழி விழத் தொடங்கும் மாங்கனீஸ் சல்பைடு போன்ற அந்நியத் துகள்களும் இல்லை. மேற்பரப்பு முழுக்க ஒரே சீர். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. சரிதான், ஆனால் போதாது. குரோமியம் சேர்க்காத இரும்பு–பாஸ்பரஸ்–கார்பன் கண்ணாடி சாதாரண இரும்பைவிட வேகமாகவே கரைகிறது. ஒழுங்கற்ற அணுவமைப்பு என்பதற்காக மட்டும் எந்த உலோகமும் துருவிலிருந்து தப்புவதில்லை. குரோமியம் சேர்ந்த பிறகு, வேகமாகக் கரையும் அந்தத் துடிப்பே பலமாக மாறுகிறது: அமிலத்தில் இட்டதும் இரும்பு விறுவிறுவென்று கரைந்து விலக, பின்தங்கிய குரோமியம் மேற்பரப்பில் செறிந்து, நொடியில் தடித்த காப்புப் படலமாகிறது. பாஸ்பரஸ் இந்தக் கரைதலைத் துரிதப்படுத்தி உதவுகிறது. எஃகு ஆலைகளில் பாஸ்பரஸ் விரட்டி அடிக்கப்படும் மாசு; டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதிலும் அந்த மாசுக்குப் பங்கு உண்டு என்று ஐ.ஐ.டி. கான்பூரின் ஆர். பாலசுப்பிரமணியம் எடுத்துக்காட்டினார். இரண்டும் ஒரே வழிமுறையல்ல, ஆனாலும் உலோகவியலில் நல்லது கெட்டது என்பது இடத்தைப் பொறுத்தது என்று தெரிகிறது.

தேய்மானப் பக்கம் கணக்கு இன்னும் எளிது. இரும்புக் கண்ணாடிகளின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 900 முதல் 1,200 வரை. கொதிகலன் குழாய் எஃகுக்கு 150 அளவில்தான். சாம்பலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை ஏறத்தாழ 1,100. உரசும் துகளைவிட உரசப்படும் பரப்பு மிக மென்மையாக இருக்கும்வரை தேய்மானம் தாராளமாக நடக்கும். இரண்டின் கடினமும் நெருங்கியதும் அது சட்டென்று சரியும். குவார்ட்ஸுக்கு ஈடான கடினமும், குரோமியப் படலமும், விலை குறைந்த இரும்பு அடிப்படையும் ஒரே பொருளில். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

காகிதத்தில் என்று சொன்னது வேண்டுமென்றேதான். செண்டாயில் ஊறவிட்டவை உருகிய உலோகத்தைச் சுழலும் சக்கரத்தில் பீய்ச்சி எடுத்த, ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு தடிமன் உள்ள நாடாக்கள். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அவ்வளவு வேகமாகக் குளிர்ந்தன. நாடாவாகவே பயன்படுத்த முடிந்த ஒரு துறையில் உலோகக் கண்ணாடி எப்போதோ வென்றுவிட்டது. இரும்பு–சிலிக்கான்–போரான் நாடாவைச் சுற்றிச் செய்த மின்மாற்றி உள்ளகங்கள், சுமை இல்லாதபோது வீணாகும் மின்சாரத்தை 60, 70 சதவீதம்வரை குறைக்கின்றன. இந்திய மின்வாரியங்கள் அவற்றை வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. (அந்த நாடாவில் குரோமியம் இல்லை, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எண்ணெய்க்குள் முங்கிக் கிடப்பதால் அது பிரச்சினையாகவில்லை.) ஆய்வகத்தில் அளந்த பொருளும் மின்கம்பத்தில் ஏறிய பொருளும் ஒன்றாக இருந்தன. துருவுக்கும் தேய்மானத்துக்கும் எதிராக வைக்கும்போது அப்படி இல்லை. கொதிகலன் குழாயை நாடாவால் போர்த்த முடியாது. தூளாக்கித் தெளித்தாக வேண்டும். தெளித்த பூச்சு வேறொரு பொருள்.

அந்தப் பூச்சு எப்படி உருவாகிறது? ஹெச்.வி.ஓ.எஃப். என்ற அதிவேகச் சுடர்த் தெளிப்பில், மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்கும் சிறிய உலோகக் குருணைகள் எரிவாயுச் சுடருக்குள் செலுத்தப்பட்டு, பாதி இளகிய நிலையில், ஒலியைவிட வேகமாகப் போய் எஃகில் மோதுகின்றன. ஒவ்வொன்றும் சுவரில் வரட்டி தட்டியதுபோல் தட்டையாகிக் கணத்தில் குளிர்கிறது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு அடுக்கு ஏறும். குளிரும் வேகம் போதுமானது, கண்ணாடித்தன்மை பெரும்பாலும் தப்பிவிடும். வினை அடுக்குகளின் சந்துகளில் இருக்கிறது. பறக்கும்போதே குருணையின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமியத்தை இழக்கிறது. சரியாக இளகாத குருணைகள் ஓரங்களில் இடைவெளி விடுகின்றன. பூச்சை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கருங்கோடுகளும் கரும்புள்ளிகளுமாகத் தெரிவது இவைதான். நாடாவில் இல்லாத எல்லைகள் பூச்சில் மறுபடி வந்து சேர்கின்றன, அரிமானமும் அங்கேதான் தொடங்குகிறது. தூளின் அளவு, சுடரின் வெப்பம், துப்பாக்கிக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் அதே கலவை வேறு தரத்தில் வரும்.

இதை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். 2004-ல் ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் தனித்தனியே, யிட்ரியம் போன்ற அருமண் தனிமம் சிறிதளவு சேர்த்து 12 மில்லிமீட்டர் தடிமன்வரை கண்ணாடியாகவே உறையும் இரும்புக் கலவைகளை அறிவித்தன. விநாடிக்கு நூறு டிகிரிக்கும் குறைவான வேகத்தில் குளிர்ந்தால்கூடப் படிகமாகாத கலவைகள் கைக்கு வந்ததும் தெளிப்பு முறைக்கு உயிர் வந்தது. அதே பத்தாண்டில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தின் ஜோசப் ஃபார்மர் தலைமையிலான குழு, எரிசக்தித் துறை மற்றும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவின் நிதியில் அத்தகைய கலவைகளைப் பூச்சாக்கிக் கடல்நீரிலும் உப்புப் பனியிலும் வைத்துப் பார்த்தது. தொடக்கக் கலவைகளின் பூச்சு துருக் காட்டியது. மாலிப்டினத்தைக் கூட்டிய பிந்தைய கலவைகள் விலையுயர்ந்த நிக்கல் உலோகக் கலவைக்குப் பக்கத்தில் நின்றன. நெவாடாவின் யக்கா மலையில் அணு உலைக் கழிவைப் புதைக்கும் கலங்களுக்கு அந்தப் பூச்சு பரிசீலிக்கப்பட்டது. பிறகு அரசியல் காரணங்களால் அந்தப் புதைகுழித் திட்டத்துக்கே நிதி நின்றது. ஆக, இந்தப் பொருளின் மிக விரிவான சோதனைத் தொடர், அந்தக் களத்தைத் தொடாமலே கோப்பில் முடிந்தது. அதன் பிறகு வரும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி புதிய புதிய கலவை, அதே நாடா, அதே உப்புக் கரைசல் என்றே ஓடுகிறது. ஐம்பது ஆண்டுகளாக நாம் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். திருத்த வேண்டியது பூச்சு.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது ஓட்டை பற்றியது. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். கண்ணாடிப் பூச்சில் நேர்மாறு. பூச்சு எஃகைவிட உயர்குணம் கொண்டது. அதில் ஒரு ஊசித்துளை அடிவரை இறங்கினால், அந்தச் சிறு புள்ளியில் எஃகு மட்டும் கரையும், பூச்சு அதை வேகப்படுத்தும். பூசாமல் விட்டிருந்தால் பரவலாக வந்திருக்கும் துரு, பூசியதால் ஆழமான குழியாகிறது. இந்த வாதத்துக்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை, எல்லை வகுப்பேன். பாம்பன் பாலம் போன்ற கடற்கட்டுமானங்களுக்கு இந்தப் பூச்சைப் பரிந்துரைப்பது தவறு. அங்கே கிலோமீட்டர் கணக்கான எஃகு, ஈர உப்பு, எவ்விதத்திலும் தவிர்க்க முடியாத சிராய்ப்புகள். புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் வண்ணப்பூச்சைத் தேர்ந்தது அந்த வகையில் விவேகம்தான். ஆனால் கொதிகலனுக்குப் போகும் நீரைப் புகையின் வெப்பத்தால் முன்கூட்டியே சூடாக்கும் எக்கனாமைசர் குழாய்களின் வெளிப்புறத்தில் நீர் தேங்குவதில்லை, அங்கே தேய்மானம்தான் முதல் எதிரி. துளை வழியான மின்வேதி அரிப்புக்கு வாய்ப்பு குறைவு. ஈரமும் மணலும் சேரும் பம்புகளில் பூச்சு போதிய தடிமனும் துளை அடைப்பும் பெற்றால் மட்டுமே வைக்கலாம். தடிமன் ஒரு அளவைத் தாண்டினால் ஊடுருவும் துளைகள் அருகிவிடுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் அதைப் பட்டறையில் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய ஆள் வேண்டும்.

இரண்டாவது வாதம் உடையும் தன்மை. இரும்புக் கண்ணாடியில் விரிசல் ஓடத் தேவையான ஆற்றல் கட்டுமான எஃகோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் பூச்சு பாரம் சுமக்கப் போவதில்லை, சுமப்பது அடியில் உள்ள எஃகு. சாம்பல் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதும் முக்கியம். மென்மையான எஃகை அதிகம் தின்பது சாய்வாக உரசும் துகள். கடினமான, நொறுங்கும் பொருளை அதிகம் உடைப்பது நேராக மோதும் துகள். ஆகவே குழாய்க்கட்டின் பக்கவாட்டில் பூச்சு ஜெயிக்கும், துகள் நெற்றிக்கு நேராக அறையும் வளைவுகளில் தோற்கலாம். நிலக்கரி உடைக்கும் சம்மட்டிகளுக்கு இதைக் கொண்டுபோவது வீண் வேலை.

வெப்பம் பற்றிய மூன்றாவது வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. இந்தக் கலவைகள் 580 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கி 650-ஐ ஒட்டிப் படிகமாகின்றன. படிகமானதும் குரோமியம் கார்பைடாகவும் போரைடாகவும் ஒதுங்க, அக்கம்பக்கம் குரோமியம் வற்றித் துருவுக்கு வழி திறக்கிறது. எக்கனாமைசர் குழாய் 300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இருப்பதால் அங்கே கவலையில்லை. 540 டிகிரி நீராவி ஓடும் சூப்பர்ஹீட்டரில் இடைவெளி மிகக் குறுகியது, நான் அங்கே துணிய மாட்டேன். பற்றவைப்புதான் உண்மையான தலைவலி. குழாய் வெடித்தால் வெட்டி எடுத்துப் புதுத்துண்டை வெல்டிங் செய்கிறார்கள். அந்த இடத்தைச் சுற்றிப் பூச்சின் குணம் போய்விடும். கொதிகலனுக்குள்ளேயே இறங்கித் தெளிக்கும் வசதி இன்று இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே மறுதெளிப்பும் சேராவிட்டால் முதல் பழுதோடு முதலீடு கரைந்துவிடும்.

இருக்கிற பூச்சுகள் போதாதா என்ற கேள்வியும் நியாயமே. டங்ஸ்டன் கார்பைடு–கோபால்ட் பூச்சு தேய்மானத்தில் சிறந்தது, ஆனால் கோபால்ட் அமிலத்தில் கரையும். உலகக் கோபால்ட் சுரங்க உற்பத்தியில் பெரும்பங்கு காங்கோவில் இருக்கிறது. கடின குரோம் முலாம் மலிவானது. அதன் தொட்டியில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதியின்றி அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அந்தக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்னவாகும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கே பல பத்தாண்டுகள் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. கோவையிலும் அம்பத்தூரிலும் முலாம் பட்டறைகளை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்களுக்கு ஒரு மாற்றுத் தொழில்நுட்பம் தேவைப்படும் நாள் தூரத்தில் இல்லை. கண்ணாடிப் பூச்சிலும் குரோமியம் இருக்கிறதே என்றால், இருக்கிறது, உலோக வடிவில். தெளிக்கும்போது எழும் புகையில் நச்சுக் குரோமியம் சிறிது உருவாகும் என்பதும் உண்மை. அது அடைத்த அறையும் வடிகட்டியும் வைத்துப் பிடிக்கக்கூடியது. தொட்டிக் கழிவுநீர் போல் சாக்கடையில் ஓடாது. மூலப்பொருளிலும் எல்லாம் நம் கையில் இல்லை: குரோமைட் ஒடிசாவின் சுகிந்தாவில் கிடைக்கிறது, ஆனால் போரான் தாதுவும் மாலிப்டினமும் வெளியிலிருந்து வர வேண்டும். யிட்ரியம் மீது சீனா 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்ததால், அது சேராத கலவைகளைத் தேர்வதே புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம்கூட இல்லை. கொதிகலன் செய்யும் பெல் நிறுவனம் திருச்சியில் இருக்கிறது, அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அரிமானத்துக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோரக் கிளைகள் உண்டு. அரசு மின் நிலையம் ஒன்றின் எக்கனாமைசரில் ஒரு வரிசைக்குக் கண்ணாடிப் பூச்சு, அடுத்ததற்கு இப்போது புழங்கும் குரோமியம் கார்பைடு–நிக்ரோம் பூச்சு, மூன்றாவதை வெறுமனே விட்டு, ஒவ்வொரு ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்திலும் மீயொலிக் கருவியால் சுவர்த் தடிமனை அளந்து பொதுவில் வெளியிட வேண்டும். மண்டபத்தில் அதே பூச்சுகளைக் கடல் காற்றில் தொங்கவிட வேண்டும். டெண்டரில் கலவையின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாகப் பூச்சின் துளை விகிதம், கண்ணாடி விகிதம், ஒட்டுவலிமை ஆகியவற்றை அளந்த சான்றோடு கேட்க வேண்டும். மிகக் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற 'எல்-1' முறையில் தெளிப்புத் தரத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஒப்பந்தக்காரர் மலிவான தூளை வேகமாக அடித்துவிட்டுப் போவார், இரண்டே ஆண்டில் பூச்சு உரியும், பழி கலவை மேல் விழும். விலையை ஒரு சதுர மீட்டருக்கு என்று பார்க்காமல், தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு கொதிகலன் நிறுத்தத்துக்கும் என்று கணக்கிட்டால் படம் மாறக்கூடும். 210 மெகாவாட் அலகு மூன்று நாள் நின்றால் போவது ஒன்றரைக் கோடி யூனிட். மூன்று வரிசைகளில் குரோமியம் கார்பைடு ஜெயித்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம். நாடாவை நம்பி வீணாக இன்னும் ஒரு பத்தாண்டு கட்டுரை எழுதாமலாவது இருப்போம்.